பின்னால் ஓடிக்கொண்டிருந்த குரல்

கீரிக் கிராமத்தில் மீனவப் பெண்களின் சங்கக் கந்தோரில் எனக்கும் இன்னொரு அக்காவுக்கும் ஒரே கம்பியூட்டர். காலையில் அக்கா கருவாடு கேட்டு எழுதுகிற ஆட்களுக்குப் பதில் போடுவா. பின்னேரம் நான் சங்கத்து அறிக்கைகளை அடிப்பேன். அக்கா தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவ. அந்தப் பேச்சு இன்னும் மாறவில்லை. காதில் எப்போதும் ஒரு இயர்போன். பாட்டுக் கேட்கிறா என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருசம் கம்பியூட்டர் இழுபடத் தொடங்கியது. ஒரு எழுத்தை அழுத்தினால் ஆறுதலாகத்தான் திரையில் வரும். ஒருநாள் பொறுமை கெட்டு, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். நான் திறந்து வைத்திருந்தது ஒரேயொரு அறிக்கை. அங்கேயோ பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. முன்பின் கண்டிராத ஒரு பெயரை வாசித்து, "இது வைரஸாக்கும் அக்கா, நிப்பாட்டப்போறன்" என்றேன்.

"வேணாம். அதுதான் ஸ்கிரீன்ல இருக்கிறத எனக்குக் காதுல வாசிச்சுக் காட்டுது," என்றா அக்கா. கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, மெதுவாகச் சொன்னா: "எழுத்தெல்லாம் மங்கலாத்தான் தெரியுது. சொன்னா வேலையை விட்டு அனுப்பிருவாங்களோன்னு பயம்."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "அது ஓடட்டும் அக்கா. மற்றதுகளைப் பாப்பம்."

ஒவ்வொரு பெயரையும் நான் வாசிக்க, அக்கா தெரிந்ததைச் சொன்னா. தெரியாததைப் போனில் தேடினோம். அக்காவுக்கு வாசித்துக் காட்டும் அந்தக் குரல் பிடித்த இடம் கொஞ்சம்தான். வைரஸ் கார்ட் என்கிற, வைரஸைத் தடுக்கும் புரோகிராம்கள் இரண்டு ஒரே ஃபைலை மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருந்தன. நாங்கள் எடுத்த கருவாட்டுப் படங்களையெல்லாம் இன்னொன்று இன்டர்நெட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னலை மூடினாலும் வேலை நிற்பதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு வைரஸ் கார்டை எடுத்துவிட்டோம். படம் ஏற்றுவதைச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினோம். கம்பியூட்டர் பழையபடி ஓடியது.

அடுத்த கிழமை அக்கா தானாகவே தன் கண்ணைப் பற்றிச் சங்கத் தலைவியிடம் சொன்னா. நான் பக்கத்தில் இருந்தேன்.

"டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?" என்று மட்டும் தலைவி கேட்டா. இல்லை என்றதும் அவவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. போன பார்வை திரும்பாதாம், மிச்சத்தைக் காப்பாற்றலாமாம். அக்கா கண்ணுக்கு மருந்து விடுகிறா, வேலைக்கும் வருகிறா. இப்போது அந்தக் குரல் இயர்போன் இல்லாமல் வெளியிலேயே கேட்கிறது. அது உயிலங்குளம் என்ற ஊர்ப் பெயரைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லும்போது இரண்டு பேரும் சிரிப்போம்.