ராவுத்தர் வெட்டாத காய்

துணியை விரித்த கையோடு கறுப்புக் காய்களைத் தன் பக்கம் வாரிக்கொள்வார் சுலைமான் ராவுத்தர். எதிரில் உட்கார்ந்தவரைக் கேட்பதில்லை. “மொத அடி நீங்க வைங்க. ஒங்க கை எங்கிட்டுப் போகுதுன்னு நான் பாத்துக்கிறேன்” என்பார்.

காஜிமார் தெரு முனையில் அவருக்குக் குடை ரிப்பேர். மதுரையில் மழை எத்தனை நாள் பெய்துவிடும்? மீதி நாளெல்லாம் சதுரங்கம்தான். ஆட்டத்துணியும் அவரே தைத்தது. வெள்ளை மல்துணியில் பழைய குடைச்சீலையை ஒட்டுப்போட்டு அறுபத்துநாலு கட்டம். யோசிக்கும்போது குடைக்கம்பி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொள்வார். கம்பி வாயைவிட்டு இறங்கினால் எதிராளிக்குக் கெட்ட நேரம்.

நடுக்கட்டங்களுக்கு வராமல் ஓரத்துச் சிப்பாய்களை நகர்த்திப் பதுங்கி ஆடுகிறவர்களைக் கண்டால் அவருக்குத் தனி உற்சாகம். “நடுத்தெருவக் காலியாப் போட்டுட்டுக் கொல்லப்பக்கமா வாராரு. நாம தெருவுல போயி நிப்போம்” என்று இரண்டு சிப்பாய்களை நடுவில் ஏற்றிவிடுவார். கறுப்பு என்றால் காத்துக் கிடக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குதிரைக்கு வழி கிடைக்குமானால் ஒரு சிப்பாயை இனாமாகவே கொடுத்துவிடுவார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, பி.ஏ. தேறி, பசுமலையில் வாத்தியாரான நல்லகாமன் ஒடிந்த குடையோடுதான் அவரிடம் முதலில் போனான். அவன் வம்சத்தில் அதுதான் முதல் பட்டம். முதல் குடையும் அதுதான். கம்பி மாற்றி முடிவதற்குள் மூன்று ஆட்டம் தோற்றான். அன்றிலிருந்து அவர் இவனுக்கு மாமா, இவன் அவருக்கு மாப்ள.

முப்பத்தாறாம் வருஷம் வக்கீல்கள் கூடும் ஒரு சங்கத்தில் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர் சென்னைப் போட்டிக்குப் போகலாம். “பட்டணத்துக்காரவுகளோட ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துரணும் மாப்ள” என்பது ராவுத்தருக்கு வெகுநாள் ஏக்கம். ஆங்கிலத்தில் மனு எழுதி, கீழே தன் பெயரோடு பி.ஏ. போட்டு, நல்லகாமன்தான் அவரைச் சேர்த்துவிட்டான்.

அங்கே ஆங்கில ஆட்டம். நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் போகும். ஆங்கில ஆட்டத்தில் அது முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டலாம். நல்லகாமன் விதிப்புத்தகம் வாங்கிவந்து வரிவரியாகத் தமிழில் சொன்னான். ராவுத்தர் ஒருமுறை கேட்டதை மறக்கவில்லை. ஓரிடத்தில் நாலு வரி. நடுவே ஆங்கிலமே அல்லாத இரண்டு வார்த்தை. அவனுக்குப் பிடிபடவில்லை. என்ன போட்டிருக்கிறது என்று ராவுத்தர் கேட்டார். “அது அம்புட்டு முக்கியமில்ல மாமா” என்று பக்கத்தைத் திருப்பிவிட்டான்.

குடைக்காரர் எந்த ஆட்டத்தில் ஒடிவார் என்று சங்கத்தில் கேலி நடந்தது. அவர் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார். எதிரில் வக்கீல் கண்ணுச்சாமி, ஓரத்துச் சிப்பாய்களை நகர்த்தியே பேர் வாங்கியவர். ராவுத்தர் நடுவில் ஏறினார். அவருடைய சிப்பாய் ஒன்று வக்கீலின் பாதிக்குள் நுழைந்தது. கம்பி வாயைவிட்டு இறங்கியது. அப்போது வக்கீலின் சிப்பாய் ஒன்று, இரண்டு கட்டம் தாண்டி அதன் தோளோரம் வந்து நின்றது. பின்னாலிருந்த மந்திரிக்கு வழி அடைபட்டுப்போயிற்று. கம்பி மறுபடி பல்லுக்குப் போனது, அப்புறம் இறங்கவேயில்லை.

ஆட்டம் முடிந்ததும் வக்கீல் கேட்டார்: “ஏன் ராவுத்தரே, அந்தச் சிப்பாயை வெட்டியிருக்கலாமே? ஒங்க சிப்பாய்க்குத் தப்பி என் சிப்பாய் ரெண்டு கட்டம் தாண்டினா, அது ஒரு கட்டம்தான் வந்ததா வச்சு உடனே வெட்டலாம்னு விதி இருக்கே. வெட்டியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்.”

ராவுத்தர் நல்லகாமனைப் பார்த்தார். பி.ஏ. என்பதற்காக அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

“கண்ணு மங்கலுங்க. கவனிக்கல” என்றார் வக்கீலிடம்.

திரும்பி வரும்போது நல்லகாமன் அந்த நாலு வரியைப் பற்றிச் சொல்லிவிட்டான்.

“தெரியலன்னு சொல்லியிருந்தா, யாரையாச்சும் கேட்டிருப்பேனே மாப்ள.”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குப் பட்டது.

இது நடந்து நாலு வருஷமாகிறது. ராவுத்தர் அதே முனையில்தான் குடை தைத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் நல்லகாமன் போகிறான், துணி விரிகிறது. இப்போதெல்லாம் கறுப்புக் காய்களை அவன் பக்கம் தள்ளிவிட்டு, வெள்ளையைத் தன் பக்கம் அடுக்குகிறார். கம்பியைப் பல்லில் கடித்தபடி ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துகிறார்.