கீறல் விழாத கண்ணாடி

இதைக் கேட்டவர்கள் எல்லோரும், "மலையில் பனி, கண்ணுக்கு என்னமோ தெரிந்திருக்கும்" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கட்டடங்களுக்குக் கண்ணாடிச் சுவர் எப்படி அமைய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். எவ்வளவு காற்றுக்கு எந்தக் கண்ணாடி தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வேன். புயல் அடிக்கும் கடலோரத்தில்தான் எனக்கு முக்கால்வாசி வேலை. கண்ணாடியைப் பார்த்து ஏமாறுகிற ஆள் நான் இல்லை. போன நவம்பரில் ஏற்காட்டில் நடந்ததை, ஒரு வார்த்தை கூட்டாமல் சொல்கிறேன்.

தலைச்சோலை போகும் வழியில், பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு விடுதி. அதன் பெரிய ஹாலுக்கு மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர். இரண்டு வருடம் முன்பு அதற்கு எழுதிக் கொடுத்தது நான்தான். மலை விளிம்பில் காற்று ஏறி வரும் வேகம், கடலோரக் காற்றுக்குச் சளைத்ததல்ல. அதனால் கடலோர விதிப்படியே எழுதினேன். இரண்டு கண்ணாடி, நடுவில் ஒட்டிய பிலிம், காரின் முன்கண்ணாடி மாதிரி. உடைந்தாலும் சட்டத்திலேயே தொங்கும். கீழே நிற்பவர் தலை தப்பும்.

ஆகஸ்டில் ஒரு நாள் மேலிருந்து ஒரு கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. கீழே, வெளிப்பக்கம் துடைத்துக்கொண்டிருந்த இளவரசி அங்கேயே செத்துப்போனாள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண். அவளே ஏணியால் இடித்து உடைத்துக்கொண்டாள் என்று மேனேஜர் யுவராஜ் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். நானும் அப்படியே அறிக்கை தந்துவிட்டால் பழி முழுக்கச் செத்தவள் தலையில் விழும், மேனேஜர் ஜெயிலுக்குப் போகாமல் தப்பிப்பார். அதற்காகத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

குப்பனூர் வழியாக மேலே ஏறி, நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் வேலையாகக் கண்ணாடியின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் பிலிம் இல்லை. ஒற்றைக் கண்ணாடி. ஆகஸ்டில் விழுந்த இடத்தில் புதிதாக மாட்டியது உட்பட எல்லாமே ஒற்றைக் கண்ணாடி. நான் எழுதியது ஒன்று, இவர்கள் மாட்டியது வேறு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இளவரசியின் அக்கா மேகலாவும் அங்கேதான் வேலை செய்கிறாள். காபி கொண்டு வந்து வைத்தாள். இளவரசியைப் பற்றி நான் கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. சைகையால் வெளியே கூப்பிட்டாள்.

"அந்த ஹாலுக்குள்ள நாங்க யாரும் பேசறதே இல்லீங்க மேடம். வேலையப் பாத்துட்டு வந்துருவோம்."

எப்போதிருந்து என்றேன். தங்கச்சி போனதிலிருந்து என்றாள். அதற்கு மேல் கேட்க விடாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பாவம், துக்கத்தில் என்னமோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5.50. யுவராஜ் வந்தார். கண்ணாடிக்கு வெளியே பனி இறங்கி, எல்லாம் வெள்ளை. ஹாலில் நாங்கள் இரண்டே பேர்.

"ஏனுங்க மேடம், ரிப்போர்ட் ரெடிங்களா?"

கண்ணாடியை மாற்றியது யார் என்று நேராகவே கேட்டேன்.

"மாத்தவே இல்லீங்க. நீங்க எழுதுனதேதானுங்க இது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். அதுவும் என்னிடம். சண்டைக்கு நான் வாயெடுத்தபோது...

டிக்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தலைக்கு மேலே, இரண்டாம் மாடி உயரத்தில் இருந்த கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வகைக் கண்ணாடியில் கீறல் ஓடாது. சுட்டுக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்தியது அது. உடைந்தால் ஒரே நொடியில் மொத்தமும் கற்கண்டாக உதிரும். பாதியில் நிற்கவே நிற்காது.

இது நின்றது.

என்ன நடந்தாலும் வேலை வேலைதானே. அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"காத்தே இல்லீங்க அன்னிக்கு."

டிக்.

கீறல் ஒரு முழம் ஆனது. கீழே இறங்கி, அவரை நோக்கி வளைந்தது. அவரும் பார்த்துவிட்டார். இரண்டடி நகர்ந்து நின்றார்.

கீறலும் நகர்ந்தது. பக்கத்துக் கண்ணாடியில் இருந்தது இப்போது. மறுபடி அவர் தலைக்கு நேராக.

அப்புறம் அந்தச் சத்தம்.

கீச்... கீச்...

ஈரத்துணியால் கண்ணாடி துடைக்கும் சத்தம். வெளியிலிருந்து. மேலே அவ்வளவு உயரத்தில்... ஏணி இல்லை. சாரம் இல்லை. பனி படிந்த கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு இடம் தெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. யாரோ பொறுமையாகத் துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

தெளிந்த இடத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

6.10.

"அ... அந்தப் புள்ளதானுங்க ஏணிய வெச்சு..."

டிக். டிக்.

ஒவ்வொரு பொய்க்கும் ஒரு டிக் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேகலா ஏன் பேசுவதில்லை என்பதும்.

"யுவராஜ், உண்மையச் சொல்லிருங்க."

அவர் கதவைப் பார்த்தார்.

"இப்பவே சொல்லிருங்க."

கீச்... கீச்... சத்தம் கீழே இறங்கி வந்தது. எங்கள் உயரத்துக்கு.

"நான்தானுங்க மாத்துனேன். காசுக்குத்தானுங்க. அந்தப் புள்ள ஏணியே எடுக்கலீங்க. சும்மா கீழ தொடச்சிட்டு இருந்துச்சு. நான்தானுங்க பொய் சொன்னேன்."

சத்தம் நின்றது.

கீறல்... வந்த வழியே சுருங்கி, மறைந்தது. கண்ணாடி முழுசாக இருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யுவராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் பழைய ஆளாகிவிட்டார். பயத்தில் உளறிவிட்டேன், அதையெல்லாம் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள் என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

கதவைத் திறந்து வெளியே போனார். கண்ணாடிச் சுவரை ஒட்டிய நடைபாதையில் நின்று போனைக் காதில் வைத்தார். திறந்த கதவு வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்கண்ணா... மேடம் ஒத்துக்கிட்டாங்க. அவதான் ஏணியில இடிச்சான்னே எழுதித் தர்றாங்க..."

டிக் என்று கேட்கவில்லை.

கீச் என்று கேட்கவில்லை.

லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரே சத்தம்.

6.22.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன். உயிர் இல்லை. எனக்குப் பாவமாக இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. இளவரசிக்கு அது கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பனி விலகி வெயில் அடித்தது. போலீஸ்காரர்களோடு சுவரை அடிமுதல் நுனிவரை பார்த்தேன். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. எல்லாம் சட்டத்தில் அப்படியே இருந்தன. அவர்மேல் கிடந்த துண்டுகளை அள்ளி மூட்டை கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். எந்தக் கண்ணாடி என்று யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் சொன்னது அத்தனையையும் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் ரைட்டர் பொன்னுவேல் போன் செய்தார். ஆகஸ்டில் இளவரசிமேல் விழுந்த கண்ணாடியையும் வழக்குக்காக இரண்டு சாக்கில் தைத்து, அரக்கு வைத்து, பூட்டிய அறையில் வைத்திருந்தார்களாம். புது மூட்டையைப் பக்கத்தில் வைக்கப் போனவர், பழைய சாக்குகளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"தையல் பிரியலீங்க மேடம். அரக்கும் அப்படியே இருக்குதுங்க. ஆனா ரெண்டு சாக்கும் காலியா கெடக்குதுங்க."