அடுப்படியில் போட்ட ரைட்டு

கலியாணமாகி நான் திருவனந்தபுரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவரும் அவருடைய அண்ணனும் கிணறு தூர்வாருகிறவர்கள். நான் மண் கூடை சுமப்பேன். அவர்கள் இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள்.

அந்தக் கோடையில் வேறு ஆட்கள் தூர்வாரிய ஒரு கிணற்றில் காற்று கெட்டுப்போய் ஒருவர் விழுந்துவிட்டார். தூக்கப் போனவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு, கிணற்று வேலைகளைக் கண்காணிக்கிற, தமிழும் வாசிக்கத் தெரிந்த மலையாளி ஓவர்சியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இறங்குவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டுமோ அதையெல்லாம் கடிதாசியில் எழுதிக் கொண்டுவர வேண்டும். கிணற்றங்கரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, பக்கத்தில் ரைட்டு போட்ட பிறகுதான் ஆள் இறங்கலாம்.

"இதெல்லாம் எழுதி வைக்கணுமாட்டி? கைக்குத் தெரியும்லா" என்றார் அவர்.

ஆனாலும் உட்கார்ந்து சொன்னார். கயிறு, கப்பி, இடுப்புக் கட்டு. அரிக்கேன் விளக்கைக் கொளுத்தித் தண்ணீர் வரை இறக்கி, அணைகிறதா என்று பார்ப்பது. பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினேன்.

"உள்ள மயக்கம் வந்தா?" என்று கேட்டேன்.

"கயித்தை இழுப்பேன்."

"மயங்கிக் கிடக்கிறவங்க எப்படி இழுப்பாங்க?"

"அம்பது எண்ணுக்கு ஒருக்கா அண்ணன் மேலேருந்து குரல் கொடுக்கட்டும். பதில் இல்லேன்னா தூக்கட்டும். அதையும் எழுது."

இப்படி எட்டு வரி ஆயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பழவங்காடியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டுக் கொல்லைக் கிணறு. நாலு ஆம்பிளைகள் நடுவில் பென்சிலும் கையுமாக நிற்க வேண்டுமே என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. அவருடைய அண்ணன் முன்னால் நான் நின்று பேசியதே கிடையாது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. எப்படியும் எல்லாம் பார்க்கத்தானே போகிறார்கள் என்று, காலையில் அடுப்படியிலேயே எட்டுக்கும் ரைட்டு போட்டு மடித்து அவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு அது எழுத்தோடு எழுத்து.

கிணற்றங்கரையில் நான் கூடையோடு தள்ளி நின்றேன். அவர் ஓவர்சியரைக் கூட்டிவரப் போயிருந்தபோது அண்ணன் விளக்கைக் கொளுத்தினார். கடைக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஏத்தின வெளக்கு என் கெணத்துக்குள்ள அணையணுமா? கடை வெளங்கினாப்லதான்."

அண்ணன் விளக்கை அணைத்து துவைகல் பக்கத்தில் வைத்துவிட்டு, தம்பியிடம் சொல்ல முன்வாசல் வழியாகப் போனார். தம்பியோ ஓவர்சியரோடு பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குள் வந்துவிட்டார். காலையில் அவர் துவைகல்லில் வைத்திருந்த கடிதாசியை ஓவர்சியர் எடுத்து விரித்தார். "எல்லாம் ரைட்டு. விளக்கும் நோக்கியாச்சு. கொள்ளாம், இறங்கிக்கோ."

அண்ணன் பார்த்திருப்பார் என்று நினைத்து என் வீட்டுக்காரர் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். திரும்பி வந்த அண்ணனோ, தான் இல்லாத நேரத்தில் இவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து மறுமுனையைப் பிடித்தார்.

அணைந்த விளக்கு அங்கேயேதான் இருந்தது. அவர் ஒரு காலைக் கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார்.

"அது நான் வீட்லயே போட்டது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"எந்து?" என்றார் ஓவர்சியர்.

அதற்குள் இரண்டாவது காலும் தாண்டிவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி, அண்ணன் கையிலிருந்த கயிற்றையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "வெளக்கு எறக்கல. அந்த ரைட்டெல்லாம் அடுப்படியில வச்சுப் போட்டது."

"பொம்பளையைக் கூட்டிட்டு வந்தா வேலை இப்படித்தான் நடக்கும்" என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் ஏறி வெளியே வந்தார். விளக்கைக் கொளுத்தினார். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயிற்றில் இறக்கிய விளக்கு பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. சுடர் சிறுத்து, ஒரு பொட்டளவாகி, போய்விட்டது.

அவர் கை கயிற்றை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். அத்தனை வருஷத்தில் என்னிடம் நேராகக் கேட்டது அதுதான். "மத்த ஏழு?"

"எல்லாமே" என்றேன்.

அவர் தம்பியின் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். துவைகல்லில் உட்கார்ந்து, ஒரு நுனியிலிருந்து விரலால் உருவி உருவிப் பார்க்க ஆரம்பித்தார். ஓவர்சியர் கடிதாசியைத் திருப்பி, வெறும் பக்கத்தை என் பக்கம் நீட்டினார். அந்த ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று, கயிறு என்று எழுதினேன். அண்ணன் மறுநுனிக்கு வந்து சேரும் வரைக்கும் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.