செல்போனில் நைனாவின் குரல்

நகரியில் எங்கள் வீட்டு முன்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை. உதட்டையும் கையையும் பார்த்தே புரிந்துகொள்வோம். அதனால் நைனாவின் குரல் எந்த நாளில் கெட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியவந்த நாள் மட்டும் என் நாட்குறிப்பு நோட்டில் இருக்கிறது: நான் ஐந்தாம் வகுப்பு, தசரா லீவின் முதல் திங்கள். மதியம் கரண்ட் போனது. தறிகள் நின்ற அமைதியில் நைனா தண்ணீர் கேட்டார். தகரத்தைத் தரையில் இழுத்தது போலிருந்தது.

"எத்தினி நாளா இப்டி கீது?" என்றாள் அம்மா.

"நூல் தூசிடி. பூடும்."

மூன்று வாரம் மிளகுக் கஷாயம் குடித்தும் போகவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் தொடங்கி, தொண்டையில் கட்டி என்று குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். அவர் பெயரை அம்மா வீட்டில் எடுக்கவே விடவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் செல்போனை நைனாவின் வாயருகே பிடித்தாள்.

"எங்க பேரெல்லாம் ஒருதபா கூப்புடு. துன்ன கூப்புடுவியே, அப்டி."

"இன்னாடி இது கூத்து?" என்று சிரித்தாலும் நைனா கூப்பிட்டார். கடைசியாக என்னை. என் பெயர் செல்போனில் ஏறிவிட்ட பெருமை எனக்கு.

டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் பார்த்தார். பிறகு தொண்டையை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றியே கேட்டார். ராத்திரி பத்தரைக்குச் சோறு, கையலம்பியதும் படுக்கை, நாளுக்கு எட்டு டீ.

"கட்டி ஏமி லேதம்மா, ஒண்ணும் இல்ல. வயித்து ஆசிட் மேல வந்து குரல்பெட்டிய சுடுது. அதான் செவந்து வீங்கியிருக்கு."

"நெஞ்செரிச்சலே இல்லியேம்மா," என்றார் நைனா.

"சில பேருக்கு அது வராது."

மாத்திரை, எட்டு மணிக்குள் சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல். கஷாயத்தையும் நிறுத்தச் சொன்னதும் நைனா அம்மா பக்கம் திரும்பினார். "பாத்தியா, நீதான்டி கொளுத்திக்கினு இருந்த!" அம்மா சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் ரேணிகுண்டா தாண்டியதும் அம்மா அந்தப் பதிவை அழித்தாள். என் பெயர் போயிற்றே என்று புத்தூர் வரை அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? அதான் நைனாவே கீறாரே, கூப்புடுவாரு."

நைனாவும் கரகரவென்று கூப்பிட்டார். எனக்குச் சமாதானமாகவில்லை.

டிசம்பரில் மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பதற்குள் குரல் தெளிந்துவிட்டது. ஆனால் அந்த ரயில் நாளுக்கு நேராக, அன்று எனக்குப் புரிந்த காரணம் என் நோட்டில் இன்றும் இப்படித்தான் இருக்கிறது: 'செல்லில் இடம் இல்லை. அம்மா அழித்துவிட்டாள்.'