மேஸ்திரி நாக்கும் சவுரியம்மாள் ஒயினும்

ஆம்பூரில் ஜியாவுல்லா சாயபுவின் தோல் ஷாப்பில் இன்னாசி மேஸ்திரிக்குச் சம்பளம் கொடுத்தது கைக்கும் காலுக்கும் அல்ல, நாக்குக்குத்தான். தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறுகிற குழிகளில் தண்ணீர் எந்த அளவுக்குத் துவர்ப்பு ஏறியிருக்கிறது என்பதை அவர்தான் சொல்லவேண்டும். காலையில் வருவார், குழியில் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைப்பார், ஜெபம் சொல்கிறவர்போலக் கண்ணை மூடுவார். "இன்னும் ரெண்டு கூடை பட்ட போடு" என்பார், அல்லது "போதும், தோல எறக்கு" என்பார். அவர் வாய் திறக்கும்வரை ஒரு தோலும் குழிக்குள் இறங்காது. இருபது வருஷத்துக்கும் மேலாக இப்படி நடந்து வந்ததில், உலகத்தில் எதையும் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தமக்கு உண்டு என்று மேஸ்திரி நம்பிவிட்டார். பாதகமில்லை, ஆண்பிள்ளைகள் இதைவிடக் குறைந்த காரணத்துக்கெல்லாம் மீசையை முறுக்கியிருக்கிறார்கள். மாதா கோயில் தெரு முழுவதும் அதை நம்பியதுதான் வம்பாகிவிட்டது.

அந்தத் தெருவில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடாத வீடு கிடையாது. நவம்பர் பிறந்து கல்லறைத் திருநாள் கழிந்ததும் பெங்களூர் ரயிலில் கருந்திராட்சைக் கூடைகள் வந்து இறங்கும். பெண்கள் பழத்தைப் பிசைந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி இருட்டு மூலையில் வைப்பார்கள். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாள்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குப் போவதும், அச்சுமுறுக்கைக் கடித்துக்கொண்டு ஒயின் குடிப்பதும், "நம்ம வூட்டுக்கு எப்ப வர்றீங்க" என்று கேட்டுவிட்டு வருவதுமாகப் பொழுது போகும். கடைசியில் ராஜாக்கள் திருநாள் சாயங்காலம், கோயிலில் குழந்தை யேசுவுக்குப் போட்ட குடிலுக்கு முன்னால், அந்த வருஷத்தில் எந்த வீட்டு ஒயின் முதல் என்று இன்னாசி மேஸ்திரி சொல்லுவார். அந்த வீட்டுக்காரிக்குக் குடிலில் கிடந்த சாமந்தி மாலை. அவள் ஜாடியிலிருந்துதான் கோயில் மைதானத்தில் எல்லோருக்கும் ஒயின் ஊற்றுவார்கள்.

மேஸ்திரியின் மனைவி சவுரியம்மாள் ஒருமுறைகூட அந்த மாலையைப் போட்டதில்லை.

அவள் வாலாஜாபேட்டைக்காரி. அவளுடைய அப்பா ராணிப்பேட்டையில் ஒரு துரை வீட்டில் சமையல்காரராக இருந்தவர். ஜாடியை எப்போது கிளறவேண்டும், எப்போது தொடவே கூடாது, லவங்கம் எத்தனை போட்டால் மணம், எத்தனை போட்டால் பல்வலி மருந்து என்பதெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலேயே கைவந்திருந்தது. அவள் ஒயினை வடிகட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் காரணமில்லாமல் நெருப்புக் கேட்டு வருவார்கள், அப்படி ஒரு வாசனை. கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸில் அவள் புருஷனுக்குத் தம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்து, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

"இன்னாடி இது, சர்பத்து மாதிரி இருக்குது? ஒயின்னா நாக்கப் புடிச்சு இழுக்கணும்."

அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே வாய், அதே சர்பத்து. வீட்டுக்காரரே சர்பத்து என்றபிறகு விருந்தாளிகளும் அச்சுமுறுக்கோடு எழுந்துவிடுவார்கள். சவுரியம்மாள் சிரித்துக்கொண்டே தம்ளரை வாங்கி வைப்பாள். உள்ளே நெஞ்சு எரியும். ஊரார் சொன்னால் தட்டிவிட்டுப் போய்விடலாம், கட்டின புருஷன் சொன்னால் எங்கே போய்த் தட்டுவது? ஒரே ஒரு தடவை தன் ஜாடி கோயில் மைதானத்துக்குப் போகவேண்டும், ஒரே ஒரு தடவை இந்த மனிதர் வாயால் "நல்லா இருக்குது" என்று கேட்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். இரண்டும் நடக்கிற வழியாக இல்லை.

இதற்கிடையில் எதிர்வீட்டு மதலேனம்மாள் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் புருஷன் தோல் ஷாப்பில் பட்டை இடிக்கிறவன். மேஸ்திரி எந்த ருசிக்குத் தலையாட்டுவார் என்பது அவனுக்குத் தெரியாதா? ஒரு வருஷம் அவள் கைப்பிடி ஆவாரம்பட்டையைத் துணியில் முடிந்து ஜாடிக்குள் போட்டாள். மேஸ்திரி குடித்துவிட்டுத் தொடையைத் தட்டினார்.

"இது ஒயினு! இத்தன வருஷத்துல இப்பதான் ஒரு ஒயினு குடிக்கிறேன்!"

மாலை மதலேனம்மாள் கழுத்தில் விழுந்தது. அடுத்த வருஷம் விஷயம் கசிந்து நாலு வீட்டு ஜாடியில் பட்டை ஊறியது, அதற்கடுத்த வருஷம் தெருவே ஊறியது. ஒரு வீட்டுக்காரி ஒரு பிடி போட்டால் அடுத்தவள் இரண்டு பிடி, அவளுக்கு அடுத்தவள் கடுக்காயும் சேர்த்துப் போட்டாள். விருந்தாளிகளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பேச வந்தது பாதியில் நிற்கும். ஆனாலும் ஒருவரும் வாயைத் திறந்து குறை சொல்லவில்லை. மேஸ்திரியே நல்லது என்கிறபோது நமக்குத்தான் ருசி தெரியவில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு, "ஜோரா இருக்குது" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். படித்தவர்கள் சபையிலும் இப்படித்தான் நடக்கும் என்று கேள்வி.

சவுரியம்மாள் மட்டும் வீம்பாக இருந்தாள். திராட்சைக்கு என்ன குற்றம் வந்தது, அதில் ஏன் பட்டையைப் போடவேண்டும் என்பாள். ஆனால் வீம்புக்கும் ஒரு முடிவு உண்டு. கடைசியில் ஒரு வருஷம், திராட்சை பிசைந்த அன்று, அவள் பாலாற்றங்கரைக்குப் போனாள். ஆவாரஞ்செடியில் பட்டையை உரித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். ஜாடிக்குள் போடும்போது செத்துப்போன அப்பா பின்னால் நின்று பார்ப்பதுபோல இருந்தது. "நீ சும்மா இருப்பா, உனக்கு இந்த ஆள் பேஜார் தெரியாது" என்று வாய்விட்டே சொன்னாள். போட்டுவிட்டு, துணியை இறுக்கிக் கட்டி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஜாடியைக் கட்டிய சில நாளிலேயே மேஸ்திரிக்கு வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. பஜாரில் யுனானி மருந்துக்கடை வைத்திருந்த சர்தார் பாஷா ஹக்கீம் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"அரே மேஸ்திரி, இது நாக்கா, செருப்புத் தோலா? இத்தன வருசமா பட்டத் தண்ணி ஊத்தி ஊத்தி நல்லா பதம் பண்ணி வச்சிருக்கீங்க. நான் சொல்ற வரைக்கும் பட்டத் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது."

தோல் ஷாப்பில் சின்ன மேஸ்திரி குழி பார்த்தார். வீட்டில் சவுரியம்மாள் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலுமாகக் கொடுத்து மேஸ்திரியைத் தேற்றினாள். புண் ஆறியது. ஒருநாள் மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ரசத்துல இன்னா போட்டே இன்னிக்கு?"

"எப்பவும் போட்றதுதான்."

"இல்லியே, சீரகம் தெரியுது, மொளகு தனியா தெரியுது. ஜோரா இருக்குதே!"

இருபது வருஷத்தில் ரசத்தைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல். சவுரியம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு கரண்டி ஊற்றக் குனிந்தவளுக்கு, மூலையில் இருந்த ஜாடி கண்ணில் பட்டது. இவருக்கு நாக்கு வந்துவிட்டது. உள்ளே ஊறுவது பட்டை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை, ஊரில் திராட்சை ஒரு குலை இல்லை. இத்தனை வருஷமும் நல்லதைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தவள், அந்த நாக்கு கண் விழிக்கிற வருஷம் பார்த்துக் கஷாயம் போட்டு வைத்திருக்கிறாள். "மாதாவே, இது உனக்கே நல்லா இருக்குதா?" என்று அன்றைக்கு ஜெபத்தில் நேராகவே கேட்டாள்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து, மேஸ்திரி புது வேட்டியும் அங்கவஸ்திரமுமாகத் தெருவில் இறங்கினார். முதலில் மதலேனம்மாள் வீடு. தம்ளரை வாங்கி, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வாய் குடித்தார். மூடின கண் படாரென்று திறந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். துப்பிவிட்டு வந்தவர் முகம் வேறாக இருந்தது.

"இன்னா மதலேனா இது? குழித் தண்ணிய மொண்டு வந்து ஊத்திட்டியா?"

மதலேனம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாண்ணே பேசுறீங்க? போன வருஷம் இதே ஒயினக் குடிச்சுட்டு நீங்கதான மாலை போட்டீங்க? இந்த வருஷம் பட்ட ஒரு பிடி ஜாஸ்தியாவே போட்டிருக்கேன்!"

"பட்டையா?"

சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேஸ்திரி அடுத்த வீட்டுக்குப் போனார், அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போனார். எங்கே போனாலும் தோல் ஷாப்புதான். அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து சவுரியம்மாள் எதிரில் உட்கார்ந்தபோது, தெருவே தமக்கு எதிராகச் சதி செய்துவிட்டது என்கிற மாதிரி பார்த்தார்.

"எல்லா வூட்லயும் கெடுத்து வெச்சிருக்காளுங்க. நீ மட்டும் சர்பத்து மாதிரி போடுவியே, அதக் கொண்டா. வாய் கழுவணும்."

சவுரியம்மாள் ஜாடியிலிருந்து மொண்டு கொடுத்தாள். அவர் ஆவலாகக் குடித்தார். குடித்ததைத் துப்பவில்லை, அந்த மட்டுக்கும் மரியாதை. விழுங்கிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயுமா, சவுரி?"

"நானுந்தான்." அவள் ஜாடியின் துணியைத் திரும்பக் கட்டினாள். "இன்னா பண்ணச் சொல்றீங்க? எங்கப்பா சொல்லிக் குடுத்த மாதிரி வருஷா வருஷம் போட்டேன். சர்பத்து, சர்பத்துன்னீங்க. அவளுங்க போட்ட கஷாயத்துக்கு மாலை போட்டீங்க. எனக்கும் ஆசை இருக்காதா? நான் மட்டும் கல்லா?"

சவுரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால் போன வருஷத்து ஒயின் இரண்டு பாட்டில், கேட்பாரில்லாமல் கிடந்தது. ஒன்றைத் தூசி தட்டித் திறந்து, கொஞ்சமாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

மேஸ்திரி குடித்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. திராட்சை தெரிந்தது, லவங்கம் தெரிந்தது, கடைசியில் தொண்டையில் ஒரு சின்ன சூடு தெரிந்தது. கூடவே, இந்த வீட்டில் எத்தனை கிறிஸ்துமஸ் வீணாகப் போயிற்று என்பதும் தெரிந்தது.

"இது எப்ப போட்டது?"

"போன வருஷம். நீங்க சர்பத்துன்னது இதத்தான்."

"அதுக்கு முந்தி போட்டதெல்லாம்?"

"எல்லாம் இதேதான்."

அவர் கண் கலங்கிவிட்டது. "சவுரி, இந்த வருஷம் மாலை உனக்குத்தான். நான் சொல்றேன்."

"வேணாம்" என்றாள் சவுரியம்மாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நேத்து வரைக்கும் இந்த நாக்கு சர்பத்துன்னுச்சு. இன்னிக்கு மாலைன்னுது. நாளைக்கு நீங்க குழி பாக்கப் போனா இன்னா சொல்லுமோ?"

திறந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே மதலேனம்மாள் வீட்டுக்குப் போனாள். அங்கே பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடி மேஸ்திரியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு மடக்கு ஊற்றினாள். மதலேனம்மாள் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கோபமாகவே கேட்டாள்.

"ஏன்க்கா, இத வூட்ல வெச்சுக்கினு இத்தன வருஷமா எங்களக் கஷாயம் குடிக்க வெச்சியே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

சவுரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மதலேனம்மாளும் சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எதிர்வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த மேஸ்திரி காதில் விழுந்தது. அவர் வெளியே வரவில்லை.

ராஜாக்கள் திருநாள் சாயங்காலம் தெரு முழுவதும் குடிலுக்கு முன்னால் கூடியது. மேஸ்திரி மாலைக்குப் பக்கத்தில் போய் நின்றார், பழக்கதோஷம். பெண்கள் அவரைக் கவனிக்கவே இல்லை. மதலேனம்மாள் சவுரியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் நிறுத்தினாள். இருந்தது இன்னும் ஒரே பாட்டில், அதனால் ஆளுக்கு ஒரு கரண்டி என்று முடிவாயிற்று. தீர்த்தம் வாங்குகிறவர்கள்போல எல்லோரும் வரிசையில் நின்று உள்ளங்கையை நீட்டினார்கள். சவுரியம்மாள் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

வரிசையில் மேஸ்திரியும் வந்தார். கரண்டி ஒயினைக் குடித்துவிட்டுக் கையை நக்கினார். பின்னால் நின்ற ஒரு பெரியவர் விடுவாரா? "எப்படி இருக்குது மேஸ்திரி? சொல்லுங்க!" என்றார்.

கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. சவுரியம்மாளும் பார்த்தாள். மேஸ்திரி வாயைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

"என்ன ஏன் கேக்குறீங்க? போட்டவ நிக்கிறா, அவளக் கேளுங்க."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. சவுரியம்மாள் கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். நிதானமாக, யாருக்கும் காத்திராமல், குடித்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. மேஸ்திரி மறுபடியும் கையை நீட்டினார். சவுரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு வாட்டி வாங்கினவங்க வரிசைல பின்னாடி போங்க" என்றாள். மேஸ்திரி போனார்.