கூட ஒருத்தர் உட்காரணும்

“உங்க வருத்தம் எனக்கு நல்லாவே புரியுது சார்” என்று சொல்லியபடியே சுண்டுவிரல் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறார் அக்கா. காதில் ஹெட்போன். மறுமுனையில் யாரோ ஒருவர், புது வாஷிங் மெஷின் தன் வெள்ளைச் சட்டையை ரோஜா நிறமாக்கிவிட்டதென்று கொதித்துக்கொண்டிருக்கிறார். “மேலிடத்துக்குச் சொல்லிடறேன் சார். நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்.” பேசி முடித்து, நகத்தை ஊதிக்கொண்டே தீர்ப்பு வரும்: “சிவப்பு ஜட்டியையும் சேர்த்துப் போட்டிருக்கான் பாவி.”

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், ஜன்னலோரம்தான் அவருடைய அலுவலகம். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால் அவர் ‘மெஷின் அக்கா’. புதிதாகக் குடிவருபவர்கள் அந்தப் பெயர் சக்கர நாற்காலியால் வந்தது என்று நினைத்து, முகத்தைச் சோகமாக்கிக்கொள்வார்கள். அக்கா திருத்த மாட்டார். “இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு நல்லவங்களா இருப்பாங்க.”

கேட்காமல் பின்னாலிருந்து தள்ளுகிற புண்ணியவான்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. சத்தம் போடாமல் பிரேக்கை இழுத்துவிடுவார். தள்ளியவர் நாற்காலியின் முதுகில் மடிந்து விழுவார். “அடடா, அடிபட்டுச்சா சார்?” என்று அதே புகார்ப் பிரிவுக் குரலில் விசாரிப்பார்.

அக்காவுக்கு வேகம் பிடிக்கும். கார் நிறுத்தும் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவில், சக்கரத்தைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மகாராணியின் நிதானத்தோடு பாய்ந்து வருவார். சரிவு முடியும் இடத்தில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் உயிருக்கு ஆசைப்பட்டு இடம் மாறிவிட்டார்.

இந்த வேகக் கிறுக்கு முற்றி, வருஷா வருஷம் தன் பிறந்தநாளன்று ஊருக்கு வெளியே இருக்கும் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவார். அந்தப் பூங்காவில் சாய்தளத்துக்குக் குறைச்சலே கிடையாது. கழிப்பறைக்குச் சாய்தளம், ஐஸ்கிரீம் கடைக்குச் சாய்தளம், பணம் கட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் சாய்தளம். ரோலர் கோஸ்டருக்கு மட்டும் படிக்கட்டு. அக்காவை வரிசையில் நிற்க விடாமல் மரியாதையோடு முன்னால் அழைத்துப் போவார்கள். அழைத்துப் போய், முடியாது என்று சொல்வார்கள்.

“பாதுகாப்புக்காகத்தான் மேடம். நடுவுல நின்னுட்டா எறங்கி நடக்கணும்.”

“மத்தவங்கல்லாம் அந்த உசரத்துலேர்ந்து எறங்கி நடந்துடுவாங்களா தம்பி?”

“மேலிடத்துல சொல்லியிருக்காங்க மேடம்.”

“நீ சொல்ற முறையே தப்பு. மொதல்ல வருத்தம் தெரிவிக்கணும். அப்புறம் பேரைக் கேட்டுக்கணும். அதுக்கப்புறம்தான் இல்லைன்னு சொல்லணும். உனக்கு யாரும் பயிற்சி குடுக்கலியா?”

இந்தக் கட்டத்தில் அண்ணன் களமிறங்குவார். அக்காவுக்குக் கூடப்பிறந்தவர், மின்விசிறிக் கடை வைத்திருக்கிறார், ஏணியில் ஏற மட்டும் ஆள் வைத்திருக்கிறார். “என் தங்கச்சி ஏறக் கூடாதுன்னா, யாருக்குய்யா கட்டி வெச்சிருக்கீங்க இதை? அவளும் டிக்கெட் வாங்கலியா? அவளுக்கும் ஆசை இருக்காதா?” கூட்டம் கைதட்டும். பூங்கா அசையாது. அதன்பிறகு அண்ணன் இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுவார். தோல்வியில் இவ்வளவு திருப்தி காணும் போராளி வேறெங்கும் இருக்க முடியாது.

இந்த வருஷம் நானும் கூடப் போனேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு லிஃப்ட். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “என் தங்கச்சி ஏறக் கூடாதுன்னா...” என்று தொடங்கிவிட்டார்.

“தாராளமா ஏறலாமே சார்” என்றாள் சீருடை அணிந்த பெண். “விதியை மாத்திட்டாங்க. கூட ஒருத்தர் பக்கத்துல உட்காரணும். அவ்வளவுதான்.”

அண்ணனின் வாய் திறந்தபடியே நின்றது. என் பக்கம் திரும்பினார். நான் அவசரமாகக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

“காலையில மாத்திரை போட மறந்துட்டேம்மா” என்றார் தங்கையிடம்.

“உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன் சார். வாங்க, ஏறலாம்.”

“வெளையாடாதே. தல சுத்துது. அடுத்த வருஷம் பாப்போம்.”

அக்காவின் புகார்ப் பிரிவுக் குரல் சட்டென்று கழன்று விழுந்தது. “அடுத்த வருஷம் இவங்க விதியைத் திருப்பி மாத்திட்டா? இத்தனை வருஷமா இங்க வந்து கத்துனியேண்ணா. எனக்காகக் கத்துனியா, இல்ல எப்படியும் ஏத்த மாட்டாங்கங்கிற தைரியத்துல கத்துனியா?”

அண்ணன் தண்டவாளத்தைப் பார்த்தார். அது வானத்தில் ஏறி, யோசனையே இல்லாமல் கீழே விழுந்தது.

“ரெண்டுந்தாம்மா” என்றார்.

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “சார், ஏறுறீங்களா, இல்ல நாங்க ஏறட்டுமா?” என்று கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். உயில் எழுதி முடித்தவரின் முகம்.

லிஃப்டில் மூவரும் மேடைக்குப் போனதும் அக்கா நாற்காலியை இருக்கையோடு ஒட்டி நிறுத்தி, பிரேக்கைப் பூட்டினார். உதவ வந்த பெண்ணிடம், “நான் சொன்னா மட்டும் புடிம்மா” என்றார். கைகளை ஊன்றி, ஒரே எம்பில் இருக்கைக்கு மாறி, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். முன்வரிசை. கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது.

வண்டி கடகடவென்று ஏறத் தொடங்கியது. அண்ணனின் உதடுகள் அசைந்தன. வேண்டுதலா வசவா என்று மேடையில் நின்ற எனக்குத் தெரியவில்லை. உச்சியில் வண்டி ஒரு கணம் தயங்கியது. அக்கா முன்னால் எட்டிப் பள்ளத்தைப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்காமலே, ஒரு கையை நீட்டி அண்ணனின் கண்களைப் பொத்தினார்.