பட்டினி போட்டால் கிளி பழகும்

ஒரு வாரமாகியும் புதுக் கிளி பழகவில்லை. கையை நீட்டினாலே கடித்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அதை விற்றவரிடம் போய்க் கேட்டேன்.

“ரெண்டு நாளு தீனி வைக்காதம்மா. பசி எடுத்தா தானா கைல வந்து உக்காரும். வேற இன்னா பண்ணும் அது?”

பாவம்தான். ஆனாலும் செய்தேன்.

நேற்று காலை அது நடுங்கிக்கொண்டே என் ஐந்து வயது மகளின் விரலில் ஏறித் தினையைக் கொத்தியது. அவள் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. வீடியோ போட்டேன், நீங்கள் எல்லாரும் இதயம் போட்டீர்கள்.

மதியம் சின்னவன் பசியில் வீறிட்டான். பத்து மாதக் குழந்தை. பால் பாட்டிலைக் காணோம், பால் மாவு டப்பாவையும் காணோம். வீட்டையே புரட்டிப் போட்ட பிறகு இரண்டும் அரிசி டிரம்முக்குள் கிடைத்தன.

“இன்னாடி இது?”

“தம்பி எங்கிட்ட வரவே மாட்றாம்மா. தூக்குனா கடிக்கிறான். ரெண்டு நாளு பால் குடுக்காத, வந்துடுவான்.”

கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

கிளி இப்போது யார் கை நீட்டினாலும் ஓடி வருகிறது. மகள்தான் நான் கூப்பிட்டால் வருவதில்லை, சாப்பிடவும் இல்லை.

இவளைப் பழக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்களேன்.